கரி படிந்த கை

பணம் கொடுத்தால் பிறர் செய்து தரக்கூடிய வேலையை நாமே செய்துகொள்வது சரியா? சிறிய கேள்விதான். ஆனால் அதன் வேர் ஆழமாகச் செல்கிறது.

என்னிடம் ஒரு பழைய மாருதி 800 கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின். ஆகவே மூன்று ஸ்பார்க் பிளக். அவை தேய்ந்துவிட்டால் புதியவை வாங்கி வந்து வீட்டு வாசலில் நானே மாற்றிவிடுவது வழக்கம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான நண்பர் ஒருவர் இதை அறிந்ததும் கடிந்துகொண்டார். “நீங்கள் எழுதிப் பிழைக்கிறவர். வாசகர்கள் தங்கள் கதைகளைத் தாங்களே எழுதிக்கொண்டால் உங்கள் பாடு என்ன ஆகும்? தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிறானே, அவனுக்கும் வயிறு இருக்கிறதல்லவா?” என்றார்.

அவர் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கார் வைத்துக்கொள்ள வசதி உள்ள ஒருவன் தொழிலாளியின் அரை மணிக் கூலியை மிச்சம் பிடித்தால், அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது பொருந்தாது. பணத்துக்காக மட்டுமே இதைச் செய்கிறேன் என்றால் நண்பருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அவர் பேச்சில் இருந்த ஒரு சொல் என்னை விட்டு அகலவில்லை. “அவனுக்கும்” என்றார். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வங்கியில் நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞனைக்கூட நம் நண்பர் ‘அவர்’ என்றுதான் சொல்வார். பட்டறைக்காரரின் பசியை எண்ணி இரங்கும் அதே நாக்கு, அவருக்கு ஒரு ‘ர்’ கொடுக்க மறந்துவிடுகிறது. இது நண்பர் ஒருவரின் குறை அன்று. நம்மில் படித்தவர்கள் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்ட பேச்சு இது.

ஏன் இப்படி? கை செய்யும் வேலையில் அறிவு இல்லை என்று உள்ளூர நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை அறிய ஒரு பிளக்கை மாற்றிப் பார்த்தாலே போதும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் மரை கெடும். பிளக்கைச் சுற்றிப் படிந்திருக்கும் மண்ணை முதலில் ஊதித் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். ஒரு பிளக்கை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒயர்கள் இடம் மாறிவிட்டால் பொறி வேளை தப்பி விழும். புதிய பிளக்கை விரலாலேயே திருக வேண்டும். அது தானாக வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். பின்வாங்கி மறுபடியும் தொடங்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனருக்கு வேலை. வாஷர் வைத்த புதுப் பிளக்கானால் அரைச் சுற்று, அல்லது அதற்குச் சற்று மேல். குறைந்தால் புகை கசியும். மிகுந்தால் மரை அறுந்துபோகும். அந்தச் சரியான அழுத்தத்தை எழுத்தில் எழுதலாம். ஆனால் மணிக்கட்டுதான் அதை அறியும்.

கழற்றிய பழைய பிளக்கும் பேசும். நுனி வெளிறிய பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் சேர்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் உள்ளே ஏதோ தேய்ந்து ஆயில் ஏறுகிறது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் சூடு மிகுந்துவிட்டது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைக் கைகூப்பி வணங்குகிறோம். பிளக்கின் நிறத்தைப் பார்த்து எஞ்சினின் நோயைச் சொல்பவரையோ ‘டேய்’ என்று கூப்பிடுகிறோம்!

1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, பாரிஸ்டரான காந்தியடிகள் அங்கே செருப்புத் தைக்கக் கற்றார். அதைக் கற்பித்தவர் அவருடைய நண்பர், கட்டடக் கலைஞர் காலன்பாக். பண்ணையில் இருந்தவர்களில் தமிழர் பலர். தோலைத் தொடுவதே இழிவு என்று கருதிய நாட்டிலிருந்து சென்றவர்கள் அவர்கள். பின்னாளில் தாம் தைத்த செருப்பு ஒன்றை, தம்மைச் சிறைக்கு அனுப்பிய அரசின் அமைச்சரான ஸ்மட்ஸுக்கே காந்தியடிகள் பரிசாகக் கொடுத்தார். காந்தி தைத்தார் என்பதால் செருப்புத் தைப்பவர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. அடி விழுந்தது, தோலைத் தொடும் கை தாழ்ந்த கை என்ற எண்ணத்தின்மேல்தான்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று பிளக் மாற்றும் சிறு கூலி பட்டறைக்காரருக்குக் கிடைக்காமல் போகிறது. அதை மறைக்க முடியாது. அதற்கு ஈடாக நான் ஒன்று செய்ய வேண்டும். பிளக்கில் ஆயில் பிசுக்கைக் கண்டால் என் கைவரிசையை அங்கே நிறுத்திவிட்டு அவரிடம் போகவேண்டும். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசக் கூடாது. “அரை மணி வேலைக்கு இவ்வளவா?” என்று கேட்கும் துணிவு, ஸ்பேனரைத் தொடாதவனுக்கே எளிதாக வரும். தொட்டவனுக்குத் தெரியும்: நாம் பணம் கொடுப்பது அந்த அரை மணிக்கு அன்று, அந்த மணிக்கட்டு பழகிய முப்பது ஆண்டுகளுக்கு.

ஆகவே, நாமே செய்வதும் பிறரைக் கொண்டு செய்விப்பதும் அல்ல கேள்வி. வேலை முடிந்தபின் மனத்தில் மிஞ்சுவது எது? ‘இவ்வளவுதானா’ என்ற இறுமாப்பு மிஞ்சினால், நாமே செய்தது தவறு. ‘இவ்வளவு இருக்கிறதா’ என்ற வியப்பு மிஞ்சினால், அது ஒரு கல்வி.

மின்சாரக் கார்களில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. நாளடைவில் இந்த வேலையும் மறைந்துபோகலாம். ஆனால் ஒழுகும் குழாய் இருக்கும். அறுந்த செருப்பு இருக்கும். தையல் விட்ட சட்டை இருக்கும். அவற்றைச் சீர்செய்யும் மனிதர்களும் இருப்பார்கள். அவர்களை ‘அவர்’ என்று நம் நாக்கு இயல்பாகச் சொல்வதற்கு, நம் கையில் கொஞ்சம் கரி படிவதுதான் வழி என்றால், படியட்டுமே. சோப்புப் போட்டுக் கழுவினால் கரி போய்விடும். ‘ர்’ மட்டும் நாக்கில் தங்கினால் போதும்.