யார் உயரத்துக்குக் கட்டிய மேடை?

ஒருவர் நன்றாகச் சமைத்தால் கைப்பக்குவம் என்கிறோம். சமைக்க முடியாமல் போனால் வயசாகிவிட்டது என்கிறோம். இரண்டிலும் ஆளைத்தான் பார்க்கிறோம். அவர் நிற்கிற இடத்தைப் பார்ப்பதில்லை. கோபாலபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில், எண்பதைத் தாண்டிய மாமியாரோடு ஒரே அடுப்படியில் புழங்குகிறவள் நான். சமையலில் பாதிதான் ஆளிடம் இருக்கிறது. மீதி குழாயிலும் மேடையிலும் சுவரிலும் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த மீதிப் பாதியை 2019 கோடை இந்த ஊருக்கே காட்டிக்கொடுத்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டன. மெட்ரோ வாட்டர் லாரி வருகிற நேரத்தைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைத்தோம். அப்போது வீட்டை விட்டு முதலில் போனது கீரை. முளைக்கீரையில் மண் போகவேண்டுமென்றால் மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். அதற்கு யாரிடம் தண்ணீர் இருந்தது? பிறகு எண்ணெய்ப் பலகாரம் போனது, பிசுக்குச் சட்டியைத் தேய்த்துக் கழுவ முடியாது என்பதால். ஒரே பாத்திரத்தில் முடிகிற சாம்பார் சாதமும் தயிர் சாதமும் மாறி மாறி வந்தன. யாருக்கும் சமையல் மறந்துவிடவில்லை. புழலில் தண்ணீர் இல்லை, அதனால் எங்கள் தட்டில் கீரை இல்லை.

ஏரி வற்றினால் ஊருக்கே தெரிகிறது. ஒரு வீட்டுக்குள் ஒரு ஆளுக்கு மட்டும் அடுப்படி மெல்ல மூடிக்கொண்டு வந்தால், அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அத்தை கும்பகோணத்துக்காரர். அங்கே இருந்தவரை தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு காய் நறுக்கியவர். பட்டணத்துக்கு வந்தபின் கேஸ் அடுப்பும் கல் மேடையும் அவரை எழுப்பி நிற்க வைத்தன. எங்கள் மேடை 34 அங்குலம். அத்தை குள்ளம். தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிளறுவார். முழங்கால் நன்றாக இருந்தவரை அது ஒரு குறையாகவே படவில்லை. இப்போது பத்து நிமிஷம் நின்றால் கால் நடுங்குகிறது. உடனே உறவுக்காரர்கள், "பாவம், அவங்களால முடியல, இனிமே அடுப்படிப் பக்கம் விடாதே" என்றார்கள். அத்தைக்குக் கை நடுக்கம் கிடையாது. கொதிக்கிற ரசத்தின் வாசனையை வைத்தே உப்பு போட்டாயிற்றா இல்லையா என்று கூடத்திலிருந்து சொல்லிவிடுவார். அவரால் முடியாதது நிற்பது மட்டும்தான்.

காதும் கொஞ்சம் மந்தம். குக்கர் விசிலை எண்ண முடியவில்லை. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். வெயிட் முதல்முறை ஆடி ஆவி கிளம்பியதும் தீயைத் தணித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவார். அது சரியான முறையும்கூட. அழுத்தம் ஏறியபின் உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்குமேல் எத்தனை விசில் வந்தாலும் சூடு கூடுவதில்லை, பருப்பு வேகிறது நேரத்தினால்தான். காது போனது குறைதான். அதை எதிரே கண்ணில் படும்படி இருந்த ஒரு கடிகாரம் ஈடுகட்டிவிட்டது.

இந்தக் கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஒரு பெரிய வகைப்பாடாகவே எழுதி வைத்திருக்கிறது. மனிதர் ஒரு காரியத்தைச் செய்ய முடிகிறதா என்பது உடம்பை மட்டும் பொறுத்ததல்ல, சூழலையும் பொறுத்தது என்பதுதான் அதன் அடிப்படை. உணவு தயாரிப்பதற்கு அதில் தனிக் குறியீடே உண்டு: டி 630. கருவிகள், கட்டடம், தட்பவெப்பம், உறவினரின் துணை, அவர்களுடைய மனப்போக்கு எல்லாவற்றுக்கும் குறியீடு உண்டு. ஆளின் சொந்த விஷயங்கள், அதாவது வயது, வளர்ந்த விதம், பழக்கம், குணம் இவையும் முக்கியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அவை சமூகத்துக்குச் சமூகம் அவ்வளவு வேறுபடுவதால் குறியீடு கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த வெற்றிடத்தை நான் மதிக்கிறேன். அத்தையின் பிடிவாதத்துக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

அந்தப் பிடிவாதம் முழுக்க ஒரு ஈயச்சொம்பில் இருக்கிறது. அடுப்பை அணைக்க ஓரிரு தடவை மறந்துவிட்டார் என்பதற்காக, தானாக அணைகிற இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். தாழ்வான மேஜைமேல் வைத்தால் உட்கார்ந்தே சமைக்கலாம், தீ கிடையாது, குமிழை அழுத்தித் திருகக் கட்டைவிரலில் பலம் வேண்டாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் அது காந்தம் ஒட்டுகிற பாத்திரத்தைத்தான் ஏற்கும், ஈயச்சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடுகிற உலோகம் அது. அதனால்தான் புளித்தண்ணீரை ஊற்றியபிறகே அடுப்பில் ஏற்றுவார்கள். வெறுஞ்சொம்பை ஏற்றினால் அடி ஓட்டையாகிவிடும். மறதி வந்த கைக்கு ஈயச்சொம்பைப் போல ஆபத்தான பாத்திரம் கிடையாது, அத்தைக்கோ அதில் வைக்காவிட்டால் அது ரசமே இல்லை. "எவர்சில்வர்ல வெச்சா புளி தனியா, தண்ணி தனியா நிக்கும்மா" என்றார். கடைசியில் ஒரு உடன்பாடு: கொதிப்பது எவர்சில்வரில், நுரை கூடியதும் இறக்கி ஈயச்சொம்பில் ஊற்றி, அதன்மேல் நெய்யில் கடுகு தாளிப்பது. அத்தை முழு மனதோடு ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் வீட்டு ரசம் இன்றும் அவர் வைப்பதுதான்.

நின்றே சமைக்க வேண்டும் என்று யார் விதித்தது? 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, பிராங்க்பர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். வேலை செய்பவர் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்று நேரம் பார்த்து, அளந்து செய்தது. இன்று நாம் மாடுலர் கிச்சன் என்று வாங்குவதற்கு அதுதான் முன்னோடி. அதில் ஜன்னலோரம் வேலைப்பலகையும், உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழல் முக்காலியும் இருந்தன. மேடையும் அலமாரியும் நம் வீட்டுக்கு வந்தன, முக்காலி வரவில்லை. வந்திருந்தாலும் போட இடம் ஏது? மேடைக்குக் கீழே முழங்கால் நுழைய முடியாதபடி சிலிண்டரும் டிராயரும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. மே மாத வெக்கையில் மின்விசிறி போட்டால் தீ அணைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாலிபத்திலேயே அங்கே நிற்பது தண்டனைதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சூழல், பக்கத்தில் இருக்கிற ஆள். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தைக் கொண்டுவந்ததே, ஊர்விட்டு ஊர் போன உறவினர்கள் பக்குவம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான். பக்கத்தில் அம்மா இல்லாத அடுப்படிகளுக்கு அந்தப் புத்தகம் துணையாகப் போனது. எங்கள் வீட்டில் துணை என்றால் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் இருந்தது. நாடு முழுக்கவும் அதுதான் நிலை: 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2023 செப்டம்பர் முதல் தமிழக அரசு தருகிற மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, இந்த உழைப்புக்கு மரியாதை செய்கிறது, அதை வரவேற்கிறேன். ஆனால் அடுப்படிக்குள் இன்னொரு ஆளை அது கொண்டுவந்துவிடாது. என் கணவர் ஓய்வு பெற்றபின், அம்மாவுக்குக் குக்கர் மூடியைத் திறந்து கொடுப்பதில் ஆரம்பித்தார். இப்போது தேங்காய் துருவுகிறார், பீர்க்கங்காய்த் துவையல் அரைக்கிறார். அத்தை உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மகன் நின்று செய்கிறார். சமைப்பது யார் என்று கேட்டால் இரண்டு பேரும் என்றுதான் சொல்வேன்.

எங்கள் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பில்டரோடு நடந்த கூட்டத்தில் கார் நிறுத்துமிடம், லிஃப்ட், தரைக் கல் என்று பேச்சு ஓடியது. அடுப்படியில் மேடையின் ஒரு பக்கத்தை மட்டும் 28 அங்குலத்தில், அடியில் வெறுமையாக, ஒரு நாற்காலி நுழைகிற மாதிரி போட்டுத்தர முடியுமா என்று கேட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுதான் என்றார். மூன்றாவது மாடியில் இருக்கிற, சமீபத்தில் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மா தனக்கும் அப்படியே வேண்டும் என்று எழுந்து சொன்னார். பிறகு இன்னொருவர் சொன்னார். வரைபடத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.