இடறியவர் நீட்டும் கை

நீதி சொல்ல உரிமை பெற்றவர் யார்? வழுவாதவரா, வழுவி எழுந்தவரா? பழைய கேள்விதான். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த குடியிருப்புகளை எண்ணும்போது அது புதிய கூர்மையோடு நம் முன் எழுகிறது.

கடலிலிருந்து திரும்பும் ஆடவன் சாராயமோ கசிப்போ குடித்தால், உழைத்த களைப்பு என்கிறோம். கர்ப்பிணி குடித்தால் பாவி என்கிறோம். அவள் எச்.ஐ.வி. கிருமியையும் தாங்கியவளென்றால் வாசற்படியே மிதிக்க விடுவதில்லை. இந்நாட்டில் பெண்கள் குடிப்பது அரிது. அரிதென்பதாலேயே அது ஆழ ஒளிந்திருக்கிறது. அவள் மருத்துவமாதிடம் பொய் சொல்கிறாள். பின்பு கிளினிக்குக்கு வருவதையே நிறுத்துகிறாள்.

இம்மறைப்பின் விலை பெரிது. மது நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைகிறது. கர்ப்ப காலத்தில் தீங்கற்ற அளவென்று எதுவும் அறியப்படவில்லை. குடிமயக்கத்தில் மாத்திரை தவறுகிறது, கிருமி பெருகுகிறது. சிகிச்சையின்றேல் கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டலிலோ நூற்றுக்கு 15 முதல் 45 வரையான குழந்தைகளுக்கு அது தொற்றக்கூடும்; ஒழுங்கான சிகிச்சையால் 5க்கும் கீழே இறக்கலாம். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அங்கீகரித்தது. பெருமைக்குரிய வெற்றிதான். ஆனால் ஒளிந்திருப்பவளை மருந்து தேடிப் போகாது.

யார் போவார்? 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரு குடிநோயாளர் ஒருவரையொருவர் தாங்கியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1998இல் தமிழ்நாட்டில் கௌசல்யா தொடங்கிய பெண்கள் அமைப்பிலும், 2001இல் கேப் டவுனில் தோன்றிய 'மதர்ஸ் டு மதர்ஸ்' இயக்கத்திலும் கிருமியோடு வாழும் பெண்களே பிற பெண்களுக்குத் துணை நின்றனர். "நானும் அப்படித்தான் இருந்தேன்" என்ற ஒரு சொல், நூறு உபதேசங்கள் திறவாத கதவைத் திறக்கிறது. நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். அதற்கு வைத்தியர் வேண்டும். வைத்தியரின் வாசல்வரை கைபிடித்து நடத்திச் செல்பவளே தோழி.

எனினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. 'நானும்' என்று சொல்பவள் தன் இரகசியத்தையே பணயம் வைக்கிறாள். ஒருவரையொருவர் அறிந்த ஊரில் அச்சொல் அவளது வாடகை வீட்டையும் மகளின் மணத்தையும் பறித்துவிடலாம். நாம் விலக்கி வைத்தவளிடமே நம் கடமையைச் சுமத்திவிட்டு, அதற்குத் தியாகமென்று பெயர் சூட்டுவது அறமாகுமா?

ஆகாது. அவளுக்கு நியாயமான ஊதியமும், அவள் இரகசியத்துக்குக் காவலும், குடித்துவிட்டு வரும் கணவனின் அடியிலிருந்து பாதுகாப்பும் வேண்டும். இவை நம் பங்கு. இப்பங்கைச் செலுத்தாதவரை அவளுக்கு நீதி சொல்லும் உரிமை நமக்கில்லை.