பெயரும் அமானிதமும்

அறிவு யாருக்குரியது? எழுதியவருக்கா, எடுத்துக் கொடுத்தவருக்கா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிப்பியியல் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஹியூ நெவிலும், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அவர்தம் சகோதரர் ஜெப்ரி நெவிலும் கடல்வாழ் மெல்லுடலிகளின் புதிய இனங்களை 1869 முதல் வங்காள ஆசியக் கழகச் சஞ்சிகையில் இணைந்து விவரித்தனர். அக்கால ஆய்வாளரைப் பிணைத்தவை கடிதங்களும் ஓட்டுப் பொதிகளுமே. கிடைத்த இடம் பற்றிய குறிப்பில்லாத ஓடு வெறும் அலங்காரப் பொருள். குறிப்போடு சேர்ந்தபோதே அது சான்றாகின்றது. அக்குறிப்பில் கரையோர மக்களின் அனுபவத்துக்கும் பங்குண்டு. விலங்கியல் மரபோ இனப்பெயரை அடுத்து, முதலில் விவரித்தவரின் பெயரையே பொறிக்கின்றது.

இது அநீதியன்று, விவரணத்துக்குப் பொறுப்பாளர் யாரென அறிதல் ஆய்வுக்கு அவசியம். ஆயின் பொறுப்பு வேறு, உடைமை வேறு. ஹியூ நெவில் 2,000 இற்கு மேற்பட்ட ஏட்டுச்சுவடிகளையும் இந்நாட்டில் திரட்டினார். பிரித்தானிய நூலகத்தில் உள்ள அவை ‘நெவில் தொகுதி’ என்றே வழங்குகின்றன. ஓட்டுக்கு எழுதியவரின் பெயர். சுவடிக்கோ திரட்டியவரின் பெயர். விதி மாறிற்று; பெயர் மாறவில்லை.

ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் அமானிதம் என்பர். காப்பவர் அதற்குப் பொறுப்பாளர், உரிமையாளர் அல்லர். அறிவும் அத்தகையதே. கல்முனைக் கரைவலையில் மீனோடு ஊரியும் சோழியும் ஏறுகின்றன. அவற்றுக்கு மீனவர் வழங்கும் பெயரையும், அவை மிகும் பருவத்தையும், அவற்றைக் கூறியவர் யாரென்பதையும் ஆய்வேட்டில் பதிதல் வேண்டும். அது உபகாரமன்று, கடன்.