முடித்துச் சென்றவர்
வத்தளையில் ஞாயிறு காலை தேநீரும் கையுமாய் வீரகேசரியை விரிக்கும் நம்மவர் பலர், தலையங்கத்துக்கு முன்பாக மரண அறிவித்தல்களையே நாடி, ‘யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் வத்தளையை வதிவிடமாகவும் கொண்ட’ யாரோ ஒருவரின் வயதைத் தம் வயதோடு ஒப்பிட்டு, ஒரு க்ஷணம் மௌனமாகி, பின் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அந்த க்ஷணத்தை வீணாக்காதவர் விபுலானந்த அடிகள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவர், நோயினால் தேகம் தளர்ந்த காலத்திலும், ஏறக்குறைய 14 ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த பண்டைத் தமிழிசையைக் கைவிடாது, சிலப்பதிகாரம் கூறும் யாழ்களின் இலக்கணத்தைக் கணிதத்தின் துணைகொண்டு விளக்கி, ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலாக்கி, 1947 ஜூன் மாதத்தில் தஞ்சைச் சீமையின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். மரண சிந்தனை உலகைத் துறப்பதற்கே என்று உபந்நியாசம் செய்வோர் இதைக் கவனிப்பதில்லை. இந்தத் துறவிக்கோ அச்சிந்தனை, எடுத்த கருமத்தை முடித்தேயாக வேண்டும் என்னும் சிரத்தையாகப் பரிணமித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அரங்கேற்றம் முடிந்த சில வாரங்களில், ஜூலை 19 அன்று, கொழும்பில் அவர் அமரரானார். வயது 55.