ஒண்ணுமில்லப்பா

அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் நான்கைந்து வாக்கியங்கள் சொன்னார். தாழ்ந்த குரலில், கனிவாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா என் தோளைத் தொட்டு, "என்ன கண்ணு சொன்னாங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லப்பா, அடுத்த வாரம் வரச் சொன்னாங்க" என்றேன்.

அந்த அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் பொய் சொன்னது கருணையால் அல்ல. அவருக்குச் சொல்வதென்றால் கத்த வேண்டும். நாற்பது பேர் காத்திருக்கும் வராந்தாவில், நாலடி தள்ளி பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்த நோயின் பெயரைக் கத்திச் சொல்ல என்னால் முடியவில்லை. காது மந்தமானவரிடம் ரகசியம் பேச முடியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கத்தும்போது எந்தச் சொல்லுக்கும் கனிவு இருப்பதில்லை. மூன்று நாள் கழித்து மொட்டை மாடியில் வைத்துச் சொன்னேன். அதற்குள் பெரியம்மாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியும். கட்டிய புருஷனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இது யார் தப்பு? காதின் தப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்ற பழமொழியும் அதையேதான் சொல்கிறது. ஊதியவர் மேல் அதற்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா குமாரபாளையத்தில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். தறிப்பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், மயிர் போன்ற இழைகள் கொண்ட செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தால் மனிதர்களுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. தொடர்ந்த இரைச்சல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான் முதலில் தின்னும். அப்பாவின் ஆடியோகிராமில் கோடு தடித்த ஒலிகளில் ஓரளவு நேராகப் போய், அந்த இடத்தில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியது.

பேச்சில் சத்தத்தைச் சுமப்பது பெரும்பாலும் உயிரெழுத்து. அது தடித்த ஒலி. க, ச, த, ப-வைப் பிரித்துக் காட்டும் மெல்லிய வித்தியாசங்கள் பெரும்பாலும் கூர்மையான ஒலிகளில் இருக்கின்றன. அதனால் அப்பாவுக்குக் கடை, சடை, தடை, படை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். "கேக்குது, என்னன்னுதான் புரியல" என்று அவர் சொன்னது சாக்கு அல்ல, துல்லியமான விவரம். "அவருக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும்" என்று சிரித்தோம். "சத்தமா பேசு" என்பார், பேசினால் "ஏன் கத்தற?" என்பார். இதையும் குசும்பு என்றே நினைத்தோம். சேதமான காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பலத்த ஒலியோ சட்டென்று வலிக்கும் அளவுக்கு ஏறிவிடும் என்பதை ஆடியாலஜிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

தமிழில் 'கேட்பது' என்றால் செவியால் கேட்பதும்தான், வினவுவதும்தான். ஒன்று போனால் மற்றதும் போகிறது. 'என்ன?' என்று மூன்று முறை கேட்பவர் நாலாவது முறை கேட்பதில்லை, சும்மா தலையாட்டுகிறார். நாமும் 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்கிறோம். அவருடைய தலையாட்டலும் பொய், நம்முடைய 'ஒண்ணுமில்ல'யும் பொய். ஆனால் அவர் பொய் சொல்வது நம் எரிச்சலைத் தவிர்ப்பதற்காக. நாம் பொய் சொல்வது திரும்பச் சொல்லும் அலுப்பைத் தவிர்ப்பதற்காக. எது அவர் காதுக்குப் போக வேண்டியது, எது வேண்டாதது என்று அவரைக் கேட்காமலே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

மிஷின் வாங்கினோம். வாங்கியதும் நம் கடமை முடிந்தது என்ற நினைப்பு இருக்கிறதே, அது இன்னொரு 'ஒண்ணுமில்ல'. மூக்குக் கண்ணாடி போட்டதும் தெரியும். காது மிஷின் அப்படியில்லை. பல வருஷமாக வராத ஒலிகளை மூளை மறுபடி பழக வேண்டும். முதல் நாள் அப்பாவுக்கு ஃபேன் சத்தம், கேரி பேக் கசங்கும் சத்தம், சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாமே இம்சை. "அண்டாவுக்குள்ள பேசற மாதிரி இருக்குது" என்றார். முதலில் அமைதியான அறையில், ஒரே ஆளுடன், சில மணி நேரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை போய் ஒலியளவைத் திருத்தி வாங்க வேண்டும்.

அவர் பழகினால் மட்டும் போதாது. அடுப்படியிலிருந்து கூப்பிடாமல் எதிரில் வந்து நிற்க வேண்டும். டிவியை நிறுத்த வேண்டும். புரியாவிட்டால் அதே வார்த்தையைக் கத்தாமல் வேறு வார்த்தையில் சொல்ல வேண்டும். பணம் கட்டுவதைவிட இது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அப்பா மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தார். இவ்வளவு செலவு பண்ணி டப்பாவிலா என்று எனக்குக் கோபம். கேளாமையைக் கவனிக்காமல் விடுவது மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் சொன்னார்: "முப்பது வருஷம் தறிச் சத்தம் கண்ணு. பொழுதோட கொஞ்ச நேரம் சும்மா இருந்தா என்ன? அதுவும் வேண்டாங்கறயா?"

பதில் இல்லை. காது அவருடையது. யோசித்ததில் எனக்குப் பட்டது இவ்வளவுதான்: அவராகக் கழற்றி வைக்கும் அமைதி அவருடைய உரிமை. 'ஒண்ணுமில்ல' என்று நாம் அவர் மேல் போர்த்தும் அமைதி அப்படியல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மௌனம் மாதிரித்தான் தெரியும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது அப்பா மிஷின் போட்டுக்கொண்டு வந்தார். பாதி புரிந்தது. வெளியே வந்து, "என்ன கண்ணு சொன்னாங்க?" என்றார். ஆளில்லாத மாடிப்படிப் பக்கம் கூட்டிப்போய், முகத்துக்கு நேரே நின்று, கத்தாமல், முழுவதையும் சொன்னேன். கால் மணி நேரம் ஆனது. தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவளுக்கு வலிக்குமான்னு கேட்டயா?" என்றார்.

நான் கேட்டிருக்கவில்லை.