கடவுளால் இந்த எண்ணை மாற்ற முடியுமா?

147573952589676412927. மொத்தம் 21 இலக்கங்கள். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். பாரிஸில் மினிம் சபைத் துறவியாக இருந்த மரேன் மெர்சென், 1644இல் வெளியிட்ட நூலில் இதைப் பகா எண் என்று எழுதினார். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது. 15, 20 இலக்க எண் ஒன்று பகா எண்தானா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அதே நூலில் ஒப்புக்கொண்டவரும் அவர்தான்.

அவர் சொன்னது தவறு. 1876இல் எதுவார் லூக்கா, காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே, இது பகு எண் என்று நிறுவினார். 1903இல் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் காரணிகளையே காட்டினார்: 193707721, 761838257287. ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்பது கணிதர்களின் வரலாற்றை எழுதிய எரிக் டெம்பிள் பெல் சொன்ன கதை. பெல் கதைகளுக்கு மெருகேற்றுபவர். மௌனத்தை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். பெருக்கலை யாரும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1644இல் அந்தக் காரணிகள் மனிதர் எவருக்கும் தெரியாது. கடவுளுக்கு? எண்களுக்கு முடிவில்லை, ஆனாலும் அவை அனைத்தும் கடவுளின் அறிவுக்குள் அடங்கும் என்று ‘கடவுளின் நகரம்’ நூலிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் வாதிட்டுவிட்டார். ஆனால் அறிவது வேறு, ஆக்குவது வேறு. மெர்சென் சொன்னதை மெய்யாக்க, இந்த எண்ணைப் பகா எண்ணாகவே படைத்திருக்கக் கடவுளால் முடியுமா?

முடியும் என்பதுதான் மெய்யியலாளர் டெக்கார்ட்டின் பதிலாக இருந்திருக்கும். அரசன் நாட்டுக்குச் சட்டம் வகுப்பதுபோல, என்றும் மாறாதவை எனப்படும் கணித உண்மைகளையும் கடவுளே விதித்தார் என்று 1630இல் அவர் கடிதம் எழுதினார். எழுதியதும் இதே மெர்சென்னுக்குத்தான். இன்னொரு மெய்யியலாளரான லைப்னிட்ஸ் பின்னாளில் இதை மறுத்தார்: அந்த உண்மைகள் கடவுளின் விருப்பத்தால் ஆனவை அல்ல, அவருடைய அறிவில் உறைபவை.

எண் பெரிதாக இருக்கும்வரை டெக்கார்ட் பக்கம் சாய்வது சுலபம். இரண்டும் இரண்டும் ஐந்தாகும் என்றால் சிரிப்பவர்கள்கூட, 21 இலக்கத்தில் ஏதோ நடக்கக்கூடும் என்று அரைமனதாகத் தலையாட்டுவார்கள். அது கண்ணுக்கு எட்டாமையால் வரும் தாராளம். கோல் போட்ட பெருக்கலைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடும் கூட்டலும்தான். கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்றை ஏழால் பெருக்கினால் ஏழு. பெரிய விடையை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை; மாற்றினால் அந்தச் சின்னக் கணக்குகளில் ஏதோ ஒன்றும் மாற வேண்டும்.

டெக்கார்ட் இதற்கும் மசியமாட்டார். மனித மனத்தால் எண்ணிப் பார்க்க முடியாததெல்லாம் கடவுளாலும் முடியாது என்று எப்படிச் சொல்லலாம் என்பார். அந்த இடத்தில் வாதம் நின்றுவிடுகிறது. கணக்கு அவரை அசைக்காது.

மெர்சென்னைக் காப்பாற்ற இன்னொரு வழியையும் சிலர் தேடினார்கள். 1883இல் ரஷ்யப் பாதிரியார் இவான் பெர்வுஷின், 67க்குப் பதில் 61 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது பகா எண் என்று காட்டினார். எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று மெர்சென் தன் நூலில் பட்டியலிட்டிருந்தார்; அதில் 67 உண்டு, 61 இல்லை. ஆகவே 67 என்பது அச்சுப்பிழையோ என்று சந்தேகித்தார்கள். ஆனால் அவர் 89ஐயும் 107ஐயும்கூட விட்டிருந்தார், தவறாக 257ஐச் சேர்த்திருந்தார். அத்தனையையும் அச்சுக்கோத்தவர் தலையில் கட்ட முடியவில்லை.