ஆயுள் எனும் அமானிதம்

நம் இல்லங்களில் இளையோர் ஸலாம் கூறிப் பெரியோரின் கைபற்றும்போது, அல்லாஹ் நீண்ட ஹயாத்தைத் தருவானாக என்று அவர்கள் துஆச் செய்வதைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். மடலின் முடிவிலும், நிக்காஹ் மஜ்லிஸிலும், நோயாளியின் தலைமாட்டிலும் இதே துஆ ஒலிக்கிறது. ஆயுள் நீள வேண்டும் என்று கேட்கின்ற நாம், அவ்வாயுள் யாருடைய உழைப்பால் காக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? முதுமை குறித்து உயிரியல் அறிஞர்கள் அண்மைக் காலத்தில் கண்டு சொல்லியிருப்பவற்றைப் படித்தபின், இக்கேள்வியைத் தவிர்க்க நம்மால் இயலவில்லை.

நம் மார்க்கம் நீண்ட ஆயுளை வெறுக்கவில்லை. ஆனால் ஆண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் அது போற்றவுமில்லை. நூஹ் நபி (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடையே 950 ஆண்டுகள் தங்கியிருந்ததைத் திருமறை எடுத்துரைக்கிறது. ஆயிரம் ஆண்டு வாழ வேண்டுமென்ற பேராசையைக் கண்டிக்கவும் செய்கிறது. மனிதருள் சிறந்தவர் யார் என்று வினவப்பட்டபோது, ஆயுள் நீண்டு செயலும் அழகாக அமைந்தவரே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்தார்கள். ஹிஜ்ரி 631இல் பிறந்து 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் வாழ்ந்தது 45 ஆண்டுகளே. அவர்களின் 'ரியாளுஸ்ஸாலிஹீன்' எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓதப்பட்டு வருகிறது. வருடங்களை எண்ணி ஆயுளை அளப்பது எத்துணைக் குறையுடைய அளவை என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமோ?

இனி ஆய்வாளர்கள் சொல்வதைப் பார்ப்போம். நீண்டநாள் வாழ்ந்தவரைக் கண்டால், அது அவர்கள் குடும்பத்துக் கொடுப்பினை என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் நுண்புழு ஒன்றின் வாழ்நாளை இரு மடங்காக்கியதை 1993இல் சிந்தியா கென்யன் என்னும் அமெரிக்க அறிஞர் காட்டினார். ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய மரபினரான ஆடவரை ஆராய்ந்தோர், 'ஃபாக்ஸோ3' என்னும் மரபணுவின் ஒரு வகை நெடுநாள் வாழ்ந்தோரிடம் மிகுந்து காணப்படுவதை 2008இல் தெரிவித்தனர். எனினும் மரபின் பங்கு எவ்வளவு? டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையரை ஆராய்ந்து 1996இல் வெளியான கணக்கு, ஆயுள் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கே மரபைச் சேர்ந்தது என்றது. விபத்தும் தொற்றும் போன்ற புறக்காரணச் சாவுகளை விலக்கிக் கணக்கிட்டால் அது பாதியளவுக்கு உயரும் என்போரும் உளர். எப்படிக் கணக்கிடினும், கணிசமான ஒரு பங்கு மரபுக்கு வெளியே நிற்கிறது. அப்பங்கு உடலுக்குள் எவ்வாறு புகுந்து வேலை செய்கிறது என்பதை ஆராயும் துறைகளுள் ஒன்றே மேல்மரபியல்.

இதனை விளங்கிக்கொள்ள நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஐன், லாம், மீம் என்னும் மூன்று எழுத்துகளை எழுதுங்கள். ஒரு வகையாகக் குறியிட்டால் அது 'இல்ம்', அறிவு. வேறு வகையாகக் குறியிட்டால் 'அலம்', கொடி. இன்னொரு வகையில் 'அலிம', அவன் அறிந்தான். எழுத்து மாறவில்லை, மேலும் கீழும் இட்ட ஸபர், ஸேர், பேஷ் ஆகியனவே மாறின. மரபணுவும் இத்தகையதே. தாய் தந்தையரிடமிருந்து நாம் பெற்ற எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அவற்றின்மீது 'மெத்தில்' எனப்படும் சின்னஞ்சிறு வேதிக்குறிகள் ஏறுகின்றன, நீங்குகின்றன. எந்த மரபணு பேச வேண்டும், எது வாய்மூடியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு.

ஒரே கருவில் பிறந்த இரட்டையரை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2005இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்குகிறது. இளம் இரட்டையரிடம் இக்குறிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. முதிய இரட்டையரிடம், அதிலும் வாழ்நாளில் குறைந்த காலமே சேர்ந்து வாழ்ந்தவர்களிடம், வேறுபாடு மிகுந்திருந்தது. ஸ்டீவ் ஹார்வத் என்பார் 2013இல் 353 இடங்களிலுள்ள குறிகளைப் படித்தே ஒருவரின் வயதைப் பெரும்பாலும் சரியாகக் கணிக்கும் முறையை வகுத்தார். பிறந்த தேதி சொல்லும் வயது ஒன்று. உடல் தன்மீது எழுதிக்கொண்ட வயது வேறொன்று.

அந்த எழுத்தை எழுதுவது யார்? 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லாது தடுக்கப்பட்டது. கடுங்குளிரும் சேர்ந்தது. 1945 மே மாதம் விடுதலை வரும்வரை நகர மக்கள் பசியால் வாடினர், பல்லாயிரவர் மாண்டனர். அப்பஞ்ச நாள்களில் கருவில் உருவான குழந்தைகள் ரொட்டியையும் கண்டதில்லை, போரையும் கண்டதில்லை. ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்து அவர்களைச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின்மீது இருக்க வேண்டிய மெத்தில் குறிகள், பஞ்சத்துக்கு ஆளாகாத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைந்திருந்தன. இம்முடிவு 2008இல் வெளிவந்தது. தாயின் வயிற்றில் அப்பஞ்சத்தைக் கண்டவர்கள், 60 வயதை நெருங்கும்போது மற்றவரினும் சற்று விரைவாக முதுமையடைவதாக 2024இல் மற்றொரு ஆய்வு தெரிவித்தது. உணவை மறித்தவர்கள் கட்டளையிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அக்கட்டளையோ பிறவாத குழந்தைகளின் உடலில் எழுதப்பட்டு, அவர்கள் நரைக்கும்வரை அழியாதிருந்தது.

மற்றொரு செய்தி, நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. உயிரணுவின் குரோமோசோம் நுனியில் 'டெலோமியர்' என்னும் காப்பு உண்டு. அணுக்கள் பிரியப் பிரிய அது தேயும். இதன் ஆய்வுக்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் எலிசபெத் பிளாக்பர்னும் ஒருவர். அவர் எலிசா எபெல் முதலியோருடன் சேர்ந்து 2004இல் 58 தாய்மாரைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் பலர் தீராநோய் கொண்ட பிள்ளையைப் பேணி வந்தவர்கள். எத்தனை ஆண்டுகள் கூடுதலாகப் பேணினார்களோ, அத்தனைக்கு அவர்களின் டெலோமியர் குறுகியிருந்தது. மனச்சுமையை மிகுதியாக உணர்ந்தோரிடம் காணப்பட்ட தேய்வு, பத்தாண்டு கூடுதலாக மூத்தவரின் தேய்வுக்கு ஈடாக இருந்தது. ஆய்வு சிறியது, அதிலிருந்து பெரிய சட்டம் வகுத்துவிடலாகாது. ஆயினும் பிள்ளைக்காகத் தாய் தன் உயிரையே தேய்க்கிறாள் என்று நாம் சொல்லிவந்தது வெறும் புகழ்ச்சி மொழியன்று என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பாகும்.

ஈண்டு சிலர் கேட்கக்கூடும்: அஜல் குறிக்கப்பட்டுவிட்டது, அது முந்தாது, பிந்தாது. அப்படியிருக்கப் பசியும் சுமையும் ஆயுளைக் குறைக்கும் என்று பேசுவது தக்தீருக்கு முரணாகாதோ? ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா அவர்கள் விடையிறுத்தார்கள். காரணங்களும் விதிக்குள் அடங்கியவையே. உறவைப் பேணி வாழ்வோருக்கு ரிஸ்க் விரியும், ஆயுள் நீளும் என்ற நபிமொழிக்கு விளக்கம் கூறும்போது, இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஆயுளில் வரும் பரக்கத்தே அது என்பதையும், மலக்குகளுக்குக் காட்டப்பட்ட கணக்கில் ஏற்படும் கூடுதல் என்பதையும் எடுத்துரைத்தார்கள். முடிவான அறிவு அல்லாஹ்விடமே இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தின் முடிவைக் காட்டி நபிமொழியை மெய்ப்பிக்க நாம் முயலவில்லை. இன்றைய முடிவு நாளை திருத்தப்படலாம். நம் ஈமானை அதன்மீது கட்டலாகாது. நமக்கு வேண்டியது வேறு. நம் கடமையின் கனத்தை இந்த ஆய்வுகள் நமக்கு உணர்த்துகின்றன.

எண்பது வயதுத் தாய்க்கு நீண்ட ஹயாத்தை வேண்டி ஐந்து பிள்ளைகள் கையேந்துகிறார்கள். அத்தாயைத் தூக்கி உட்கார்த்தி, கழுவித் துடைத்து, இரவில் மூன்று முறை விழிப்பதோ வீட்டிலிருக்கும் ஒரு மகள் அல்லது ஒரு மருமகள். பெற்றோரை நோக்கிச் சலிப்பின் சிறு சொல்லும் கூறலாகாது என்ற கட்டளை மக்கள் அனைவர் மீதும் உள்ளது. அதன் சுமை மட்டும் ஒருத்தியின் தோளில் ஏறுகிறது. அவள் சலித்துக்கொண்டால் குற்றம் காண நாம் விரைகிறோம். அவளுடைய ஆண்டுகள் செலவாவதை நாம் எண்ணுவதில்லை. உறவைப் பேணுதல் என்பது பெருநாளன்று சென்று ஸலாம் சொல்வதோடு முடிவதா? வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதோடு தீர்வதா? இரவுகளைப் பங்கிட்டுக்கொள்வதும் ஸிலத்துர் ரஹிமில் சேர்ந்ததே என்று நாம் கருதுகிறோம்.

அடுத்தது, நம் வீட்டுக்கு வெளியே. வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு நேருமென்று அஞ்சும் கர்ப்பிணி ரமளான் நோன்பை விட்டுப் பின்னர்க் களாச் செய்யலாம் என்பது நாம் ஓதிக்கொடுக்கும் ஃபிக்ஹுச் சட்டம். ஃபர்ளான நோன்பிலேயே கருவிலிருக்கும் உயிருக்காகச் சலுகை தந்தது ஷரீஅத். ஆனால் 2024இல் சூடானின் ஸம்ஸம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காஸா நகர்ப் பகுதியிலும் பஞ்சம் நிலவுவதை ஐ.நா. ஆதரவு பெற்ற உணவு நிலைக் குழுவினர் உறுதி செய்தனர். அங்கும் தாய்மார் கருவுற்றிருந்தனர். நெதர்லாந்தின் குழந்தைகளுக்கு நேர்ந்ததை அறிந்த நாம், அச்செய்தி பத்திரிகையிலிருந்து மறைந்தவுடன் அப்பசியும் முடிந்தது என்று எண்ணிவிட முடியுமா?

முதிய அணுவை இளமைக்குத் திருப்பும் வழியை 2006இல் ஷின்யா யமனாக்கா என்னும் ஜப்பானிய அறிஞர் நான்கு மரபணுக்களைக் கொண்டு திறந்தார். அவ்வழியே மருந்து காணும் நோக்குடன் 2022இல் 300 கோடி டாலர் முதலீட்டில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மருத்துவம் தேடுவது நம் மார்க்கம் ஏவியதே. அதனை நாம் குறைகூறோம். ஆயினும், முதியோரின் உடலில் காலம் எழுதிய குறிகளை அழிக்க அத்துணைச் செல்வம் திரளும் உலகில், பிறவாத குழந்தையின் உடலில் பசி புதிதாக எழுதாமல் தடுக்க ஒரு பிடி தானியம் வழிமறிக்கப்படுகிறதே! ஹலாலா, ஹராமா என்று கேட்பதற்கு முன் நாம் நாணவேண்டிய இடம் இது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவைச் சிகிச்சைக்கு ஆளான முதியோரின் உடல்வயது திடுமென ஏறி, சில நாள்களில் பழைய நிலைக்கு இறங்கியதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளைப்பேற்றை நெருங்கும்போது ஏறிய வயதும் பேற்றுக்குப்பின் தணிந்தது. துன்பம் எழுதிய குறிகளுள் ஓய்வு அழிக்கக்கூடியவையும் உண்டு போலும். அந்த ஓய்வைத் தருவது பணம் மிகுந்தவர்க்கே இயன்ற காரியமன்று. இன்றிரவு நீ உறங்கு, உம்மாவின் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று தங்கையிடம் சொல்ல ஓர் அண்ணனால் முடியும்.

நமக்கும் நம் பெற்றோருக்கும் நீண்ட ஹயாத்தை வல்ல நாயன் தருவானாக. அந்த ஹயாத்துக்காகத் தம் ஹயாத்தைச் செலவிடுவோரை அறிந்து, அவர்களின் சுமையில் பங்குகொள்ளும் மனத்தையும் நமக்கு அருள்வானாக. ஆமீன்.